சிவப்புப் பெட்டியின் சாவி

ஊத்தங்கரைக்காரி காவியா அவசரக்காரி. அதை அவளே மறுக்கமாட்டாள். ஓசூரில் பிரேக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் பரிசோதனைக் கேமராவுக்கு அவள்தான் பொறுப்பு. தூசியிலும், பாகங்கள் நகர்ந்து வரும் பெல்ட்டின் அதிர்விலும் படங்களெல்லாம் புள்ளி புள்ளியாக விழும். மெஷின் லேர்னிங் வைத்து அந்தப் புள்ளிகளை நீக்கிவிடலாம் என்று சொல்லி மேலிடத்தில் பாராட்டும் வாங்கினாள்.

கணினிக்குக் கற்றுக்கொடுக்க, ஒரே பாகத்தின் புள்ளி விழுந்த படமும், பெல்ட்டை நிறுத்தி எடுத்த தெளிவான படமும் ஜோடி ஜோடியாக வேண்டும். நல்ல பாகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தட்டுத் தட்டாக இருந்தன. விரிசல் விட்டவை பூட்டிய சிவப்புப் பெட்டியில் கிடந்தன. தப்பித் தவறி லாரி ஏறிவிடக் கூடாதென்று அதன் சாவியைத் தரப் பிரிவுத் தலைவர் கோவிந்தப்பன் இடுப்பிலேயே வைத்திருப்பார். அவரிடம் போனால் ஆயிரம் கேள்வி, அப்புறம் கையெழுத்து. நல்லவையே போதும் என்று காவியா வேலையை முடித்துவிட்டாள். சோம்பலுக்கு அவள் வைத்த பெயர் வேகம்.

புதுப் படங்கள் பளிச்சென்று இருந்தன. திரை முன் உட்கார்ந்து அவற்றைச் சரிபார்ப்பவள் நாகம்மா. ராயக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் ஆள். யாரையும் கேட்காமல் பட்டென்று முடிவு சொல்பவள் என்று பெயர் எடுத்தவள். கண் எரிச்சலே போய்விட்டது என்று காவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு ஒருநாள், வாங்கியவர்களிடமிருந்து விரிசல் விட்ட பாகங்கள் திரும்பி வந்தன. எல்லாம் நாகம்மா பாஸ் பண்ணியவை. கோவிந்தப்பன் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். மாதக் கடைசியில் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. நாகம்மா சண்டை போடவில்லை. தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நம்பினாள்.

கேன்டீனில் காவியா அவளைப் புதுக் கண்ணாடியோடு பார்த்தாள்.

"டாக்டரு கண்ணுல ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு மேடம். அவருக்கென்ன தெரியும். நான்தான் குடுத்தே ஆகணும்னு வாங்கியாந்தேன்."

காவியா சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். எழுந்துபோய், கேமரா எடுத்த மூலப் படங்களைத் தேடித் திறந்தாள். புள்ளிகளுக்கு நடுவே முடியளவு கோடு ஓடியது. நாகம்மாவுக்குக் காட்டப்பட்ட படத்தில் அதே இடம் வழவழவென்று இருந்தது. விரிசலையே பார்த்தறியாத கணினி அதையும் புள்ளிகளோடு சேர்த்துத் துடைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தாள்.

இரண்டு படங்களையும் கோவிந்தப்பனிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவள் முன் வைத்தார். கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாளே நாகம்மா திரைக்குத் திரும்பினாள். கண்ணாடி மட்டும் மூக்கிலேயே இருந்தது.

"அக்கா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. அதைக் கழட்டிடுங்கக்கா."

நாகம்மா சரி என்று தலையாட்டினாள். கழற்றவில்லை. திரையில் அடுத்த பாகம் வந்தது, துடைக்காத பழைய புள்ளிகளோடு. நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் திரும்பினாள்.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே மேடம்? நீங்களும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."