மழை எங்கே லோடு இறக்கியது

போன அரையாண்டுத் தேர்வில் என் பேத்தி முத்துச்செல்வி சமூக அறிவியலில் தோற்றாள். தோற்கடித்தது நான். எழுதக் கூசுகிறது. ஆனால் மாரியம்மன் செய்ததைச் சொல்ல, என் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சிவகாசியில் லோடு ஏற்றி, கிளீனராகி, டிரைவராகி, இன்று தாயில்பட்டிப் பக்கம் சொந்தப் பட்டாசுக் கம்பெனி. யார் தயவும் இல்லை. லாரியில் நான் போகாத மாநிலம் கிடையாது. அதனால் பத்தாம் வகுப்புப் பேத்தி புவியியல் புத்தகத்தோடு முழித்தபோது, "இந்தியாவ ஏங்கிட்டக் கேளு தாயி, புத்தகம் எதுக்கு?" என்றேன்.

நாட்டுக்குப் பெருமழை எப்போது என்று கேட்டாள். ஐப்பசியில் என்று அடித்துச் சொன்னேன். தீபாவளி சீசனில், காயப்போட்ட பட்டாசுச் சரக்கின்மேல் விழுகிற மழை அதுதானே. கேரளாவில் ஆனி மழையில் நனைந்தவன்தான் நான். அது நினைவுக்கே வரவில்லை. நமக்கு இடைஞ்சல் செய்யாத மழை நமக்கு மழையாகவே தெரிவதில்லை.

"எல்லாக் கேள்விக்கும் நீக சொன்னதத்தான் எழுதுனேன் தாத்தா" என்று விடைத்தாளைக் காட்டினாள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பொதுத் தேர்விலும் தவறினால் படிப்பு போதும், வீட்டில் இருக்கட்டும் என்று என் மகன் சொல்லிவிட்டான். எங்கள் குடும்பத்தில் பதினொன்றாம் வகுப்பு வாசலை யாரும் மிதித்ததில்லை. அவள் மிதிக்க ஆசைப்பட்டாள்.

தை வெள்ளியன்று அம்மன் முன் நின்றேன். சீசன் முடிகிறவரை மழையை நிறுத்து என்று வருடா வருடம் கேட்டவன் நான். மழைக்குரிய தாயிடமே கேட்டவன். அன்று, "எனக்குத் தெரியலன்னு இப்பத்தான் தெரியுது. அந்தப் புள்ளைக்கு நீயே சொல்லிக் குடு" என்றேன். அழுதேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மாசி வந்தது. ஒரு மத்தியானம், வெயிலில் காயும் சரக்கைப் பார்த்தபடி வேப்பநிழலில் கண்ணயர்ந்தேன்.

மேகமெல்லாம் லாரியாக வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. மேற்குக் கடலில் லோடு ஏற்றி வந்தவை, மலைக்கு அந்தப் பக்கமே திணறி நின்று தண்ணீரை மூட்டை மூட்டையாக இறக்கின. பிறகு பஞ்சாக லேசாகி, மலை தாண்டி, எங்கள் ஊர்மேல் காலி வண்டியாக மிதந்தன. முன் வண்டியில் மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி. "லோடு எங்கன எறங்குச்சுன்னு பாத்தியாலே?" என்றாள். என்னை 'லே' என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய் முப்பது வருடம்.

விழித்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் பேத்தியிடம் கனவைச் சொன்னேன். பென்சிலை எடுத்து மலையை வரைந்தாள், அம்புக்குறி போட்டாள். பல நாள் கழித்துச் சிரித்தாள்.

"இதுதான் தென்மேற்குப் பருவமழை தாத்தா. நம்ம ஊரு மழை மறைவுப் பகுதி. அதான் இம்புட்டு வெயிலு, அதான் பட்டாசு."

"அப்ப ஐப்பசி மழை?"

"அது வடகிழக்கு. வங்கக் கடல்ல லோடு ஏத்தி வேற ரூட்ல வருது."

அன்றுமுதல் தினமும் சாயங்காலம் நான் கேட்பேன், அவள் சொல்லிக்கொடுப்பாள். ஆறு, மண், கணவாய் எல்லாம் லாரி ரூட்டாகவே மனதில் நின்றன. பங்குனியில் தேர்வு எழுதி வந்தவள், "காலி வண்டிக் கேள்வி வந்துச்சு தாத்தா" என்றாள். தேறினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. அம்மனே லாரிப் பேச்சில் பாடம் சொன்னது இந்த வட்டாரத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான்.

இந்த ஐப்பசியில் மழை வந்தது. சரக்கை அள்ளிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். நான் நனைந்தபடி கைகூப்பினேன். நிறுத்து என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாது தாயே என்று நீங்களும் ஒருமுறை அவளிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.