அர்த்தனாரி தட்டிப் பார்த்த பல்சக்கரம்

சைக்கிள் செயின் ஓடுகிற பல்சக்கரம் பார்த்து வாங்குவதில் கொல்லிமலைக் குண்டனி நாட்டு அர்த்தனாரியை மிஞ்ச லண்டனிலும் ஆள் கிடையாது. சக்கரவர்த்தியின் சைக்கிளில் செயின் நழுவினால் முதல் தந்தி கொல்லிமலைக்குத்தான் வரும். வயிறெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

மலைமேல் சைக்கிள் ஓடப் பாதை இல்லை. அதனால் அவர் சைக்கிள் அடிவாரத்தில், காரவள்ளியில், எங்கள் மாட்டுக்கொட்டகையில் நிற்கும். மிளகு மூட்டையோடு இறங்கி வருவார். சேந்தமங்கலம் சந்தைவரை மிதிப்பார். திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நடந்தே மலையேறுவார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவருக்குச் சைக்கிள். ரோட்டோரத்திலேயே பிறந்த எனக்கு அதைத் துடைக்கிற வேலை!

ஒரு சந்தைக்குப் போகையில், தேய்ந்த பல்லில் செயின் நழுவி, கேரியரில் இருந்த அவர் மகள் கண்ணாயி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடிபோல் மின்னுகிற ஒன்றை நீட்டினார். இவர் அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி தட்டிக் காதைக் கொடுத்தார்.

"இது வெறும் மினுக்குங்க. சத்தம் மொண்ணையா இருக்குது."

"ஏனுங்க, இரும்பு இன்னும் பழுக்கலீங்களா?" என்றேன்.

"நீயே கேட்டுப் பாரு கண்ணு."

அடுத்து அவர் தட்டிய கறுத்த ஒன்று மணிபோல் நின்று ஒலித்தது. அதன்மேல் செயினைச் சுற்றி ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் எழும்பவில்லை. கடைக்காரரே வாயைப் பிளந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அதைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு மலையேறினார். அடுத்த சந்தைக்கு முதல்நாள் நான் அதைக் கழற்றி வைக்கோலில் ஒளித்தேன். பழையதை மாட்டிச் சேறு பூசினேன். எனக்குச் சைக்கிள்தான் இல்லை, நல்ல பல்சக்கரமாவது இருக்கட்டுமே!

காலையில் இறங்கி வந்தார். பின்னாலேயே கண்ணாயி, முழங்காலில் பொருக்கோடு.

"இன்னிக்குக் கீழ உழ மாட்டேனில்ல? புதுப் பல்லுதானே?" என்று என்னையே கேட்டாள்.

இருவரும் எங்கள் வீட்டில் கூழ் குடித்து முடிப்பதற்குள் கொட்டகைக்கு ஓடி, நல்லதைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அர்த்தனாரி மிதிகட்டையில் கால் வைத்தார், எடுத்துவிட்டார். ஒரு கட்டை கீழே இருக்க, மற்றது நேர்மேலே நிற்காமல் கோணிக்கொண்டு நின்றது. குனிந்து, பல்சக்கரத்தைக் கழற்ற முதலில் எடுக்கவேண்டிய, மிதிகட்டைத் தண்டை இறுக்குகிற ஆணியைத் தடவினார்.

"இதை நான் மேல இருந்து அடிச்சேன். இப்பக் கீழ இருந்து ஏறியிருக்குது."

கிரீஸ் கையைப் பின்னால் மறைத்தேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

"கழட்டுனது எதுக்குன்னு தெரியுது சாமி. திருப்பி மாட்டுனது எதுக்கு?"