கத்தாமல் கழிந்த ஒரு வாரம்

கைப்பேசி ரிப்பேர் தொழிலில் உடைந்த கண்ணாடியை மாற்றுவது சுலபம். உடைத்தவர் "தானா உடைஞ்சிருச்சு" என்று சொல்வதைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்வதுதான் கஷ்டம். கடை வைத்துக் காலம் தள்ளும் சக பாவிகளே, எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். நாலு கடையில் திட்டு வாங்கித் தொழில் கற்றவன்; வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பயணப் பெட்டி விற்கும் சரோஜா அக்காவின் கடை வாசலில் ஒரு மேசை போடுமளவு இடம்தான் என் ராஜ்ஜியம். ஒருநாள் நான் போட்ட சத்தத்தில், பெட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே பயந்து வெளியேறிவிட்டது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு தடவ கஸ்டமர்கிட்ட கத்துனீங்க, மேசையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருங்க தம்பி."

குடியிருப்பு

ஈசூனிலிருந்து ஓர் அங்கிள். போன் உயிரை விட்டிருந்தது. தண்ணீர் கிண்ணீர் பட்டதா என்றேன். ஒரு சொட்டுகூட இல்லை என்று சத்தியம் செய்தார். திறந்தேன். உள்ளே தே தாரேக் டீ வாசனை, பிசுபிசுவென்று சர்க்கரை. பேட்டரிக்கு அடியிலிருந்து ஓர் எறும்பு நிதானமாக வெளியே வந்தது. வெளிச்சம் பிடிக்காமல் திரும்பி உள்ளே போய்விட்டது.

வேறு நாளாயிருந்தால் என் சத்தம் தேக்கா மார்க்கெட் வரை கேட்டிருக்கும். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "அங்கிள், உள்ள எறும்பு குடியிருக்கு" என்றேன். அவர் என் மேசையை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"அது உங்க கடை எறும்பு லா!"

வீடியோ மேற்பார்வை

ஞாயிற்றுக்கிழமை, கிராஞ்சி தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து முருகேசன் வந்தார். திரை நொறுங்கியிருந்தது. நண்பரின் போனை என் மேசையில் சாய்த்து வைத்தார்; அதில் ஊரிலிருந்து அவர் மனைவி. "அண்ணே, கையை எடுங்க, மறைக்குது" என்று அங்கிருந்து உத்தரவு.

நான் எழுபது வெள்ளி சொன்னேன். அந்த அம்மா நாற்பது என்றார். எழுபதில் ஐந்து குறைக்கவே தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அக்கா இருமினார். "சரிம்மா, நாப்பதே இருக்கட்டும்" என்றேன். அந்த அம்மா போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஏங்க, போன வாங்கிக்கிட்டு வந்துருங்க. கத்தாம குறைக்கிறாருன்னா சாமான் டூப்ளிகேட்டு!"

இலவசக் காட்சி

ஆங் மோ கியோவிலிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி வாரம் தவறாமல் வருவார். போனில் கோளாறே இருக்காது. அக்கா கடை முக்காலியில் உட்கார்ந்து என் பேரத்தை வேடிக்கை பார்ப்பார். போகும்போது ஏதாவது ஒரு பை வாங்கிக்கொள்வார். இந்த முறை நான் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி கொட்டாவி விட்டார்; வெறுங்கையோடு எழுந்தார்.

"என்ன தம்பி, கிளினிக்ல உக்காந்த மாதிரி இருக்கு!"

தீர்ப்பு

சனிக்கிழமை சாயங்காலம். எதிர்ச்சாரியில் இன்னொரு ரிப்பேர்க்காரன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம். அந்தக் கூட்டம் அப்படியே அவனுக்குப் பக்கத்துக் கடைக்குள் நகர்ந்து பெட்டி விலை விசாரித்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை நோக்கி வந்தார். கத்தினாலும் இடம் போகும், கத்தாவிட்டாலும் போகும் என்று ஸ்குரூடிரைவர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, கொஞ்சம் கத்துங்க. ரெண்டு பெட்டியாவது விக்கணும்."

இப்போது அனுமதியோடு கத்துகிறேன். கோபம்தான் முன்போல் வரமாட்டேன் என்கிறது.