அண்ணாச்சி காத்த என் நோன்பு

ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ரோஸ்மில்க் கடையில் எனக்குக் கிடைத்தது ருசி பார்க்கும் வேலை. பால் காய்ச்சுவது, ஐஸ் உடைப்பது, டம்ளர் கழுவுவது எல்லாம் கூடவே வந்தவை. ஆனால் கடைக்கார அண்ணாச்சி ஆள் தேடியது நாக்குக்காகத்தான். அவருக்குச் சர்க்கரை நோய். இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இனிமேல் இனிப்பைத் தொட்டால் அடுத்த விரலும் போகும் என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி மனப்பாடமாக வைத்திருந்தார். ருசி பார்க்கத் தனி ஆள் வேண்டும் என்று உத்தரவு போட்டதும் அந்த அக்காதான்.

அதற்கு முன் திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் சுவருக்குப் பெயிண்ட் அடித்தேன், கொச்சியில் மீன் பெட்டி தூக்கினேன். எங்கும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி, மதரஸா அதற்கும் கீழே. பட்டினி பழக்கமானதுதான். அதனால் அண்டா அண்டாவாகப் பாதாம் பாலும் ரோஸ்மில்க்கும் ருசி பார்க்கிற வேலை எனக்குப் பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது.

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது. பகலில் எதையும் வாயில் வைக்க முடியாது என்று அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முனகுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"தண்ணி கூட குடிக்க மாட்டியோ?"

"மாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப ருசி?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

"யோசிக்காத பாய். சாமி காரியம். நான் பாத்துக்கிடுதேன்."

முதல் நாள் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுநாள் ஸ்பூன் வந்தது. ஸ்பூனில் சரியாகத் தெரியவில்லை என்று டம்ளருக்கு மாறினார். ஐஸ் போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை. "ஐஸ் போட்டா இனிப்பு குறையும்லா?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

இதற்கு நடுவில் என் நோன்புக்கு அவரே காவலும் இருந்தார். நான் வாய் கொப்பளித்தால் பக்கத்தில் வந்து நின்று, "உள்ள போயிராம, நல்லாத் துப்பு" என்பார். வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டினார். பட்டுப் புடவைப் பைகளோடு வந்த அம்மாக்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, திரும்பி நின்று குடித்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்.

"இன்னா பாய், எச்சி கூட முழுங்கக் கூடாதாமே?"

"முழுங்கலாம்."

"அப்ப இன்னா கஷ்டம் கீது? ஈஸிதான்" என்று இன்னொரு ரோஸ்மில்க் சொன்னார்.

எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின், தொழ வைக்கிற ஹஜ்ரத் நஃப்ஸைப் பற்றிப் பேசுவார். நஃப்ஸ் என்பது உள்ளே உட்கார்ந்துகொண்டு கொடு, கொடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிற மனசு. பசியை அடக்குவது அதில் சின்ன வேலை, நாக்குக்கும் கண்ணுக்கும் கோபத்துக்கும் தனித்தனியாக நோன்பு உண்டு என்பார். ஏசி அறையில் உட்கார்ந்து நஃப்ஸை அடக்குகிறவர்களைவிட, மாசி வெயிலில் பாதாம் பாலைக் கிண்டிக்கொண்டு அடக்குகிற எனக்கு வானவர்கள் நன்மை கூடுதலாகத்தான் எழுதுவார்கள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் நஃப்ஸ் வாயை மூடிக்கொண்டு அண்ணாச்சியிடம் குடிபோய்விட்டதை நான் கவனிக்கவில்லை.

பாதி நோன்பு போயிருக்கும். அண்ணாச்சி செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். கல்லாவுக்குக் கீழே குனிந்தபோது பார்த்தேன். எடுத்த விரலுக்குப் பக்கத்து விரலில் துணி சுற்றி, அதில் மஞ்சளாக ஊறியிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"செருப்பு கடிச்சிட்டு. நீ பாலைப் பாரு."

அன்று அஸருக்குப் போனவன் ஹஜ்ரத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, தேவைக்கு நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடலாமே. தொண்டையில இறங்கக் கூடாது, அவ்வளவுதான். சமையல்காரங்க காலங்காலமா செய்யறதுதானே." மதரஸாவில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் ஒரு விரல் புண்ணாகியிருக்காது.

ஓடி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"யாரு, அந்தச் சின்ன வயசு ஹஜ்ரத்தா?"

"ஆமா."

"இந்தக் காலத்துப் பசங்க எல்லாத்தையும் லேசாக்கிட்டானுவ. என் கடையில அரைகுறை நோன்பு வேண்டாம் பாய். இருந்தா முழுசா இரு. பாவம் எனக்கு வரும்."

மார்க்கத்தில் ஹஜ்ரத்தைவிடக் கண்டிப்பான ஒருவரிடம் நான் சம்பளம் வாங்குகிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று பாதாம் பாலில் இரண்டு டம்ளர் ருசி பார்த்தார்.

மறுநாள் மாலை, நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வந்தார். எனக்குப் பேரீச்சம்பழமும், வீட்டில் சுட்ட பருப்பு வடையும் கொண்டுவந்திருந்தார். டப்பாவை என் கையில் கொடுத்தவர், புருஷன் காலைப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார்.

"இப்ப யாரு ருசி பாக்குதது?"

"பாய்தான். வேற யாரு?" என்றார் அண்ணாச்சி, தெருவைப் பார்த்தபடி.

அக்கா என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று தலையாட்டினால் வேலை பிழைக்கும். இல்லை என்றால் மறுபடி மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் பையோடு உட்கார வேண்டியதுதான். வடையின் வாசனை வேறு. பகல் முழுக்க பாலைத் தொடாத நாக்கால், பாங்கு சொல்லப்போகிற நேரத்தில் ஒரு பொய்யைச் சொல்வதா என்று தோன்றியது.

"நான் நோன்பு, அக்கா" என்றேன்.

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா கல்லாவுக்குப் பின்னால் போய், அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் துணியைப் பிரித்தார். திட்டவில்லை. "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் என் நோன்பைக் காத்ததற்கு நான் செய்த நன்றிகெட்டதனம் முழுவதும் இருந்தது.

விரல் தப்பியது. தினமும் கட்டு மாற்றினார்கள். அக்கா கல்லாவில் உட்கார்ந்தார், என்னை அனுப்பவில்லை. நான் நாக்கு நுனியில் பாலைத் தொட்டுப் பார்த்து, தொட்டியில் துப்பினேன். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, நான் துப்புகிற ஒவ்வொரு துளியையும் தொட்டி வரைக்கும் கண்ணால் கொண்டுபோய் விட்டார். கடையில் உண்மையான நோன்பாளி அவர்தான் என்று எனக்குத் தோன்றும். எனக்காவது மாலையில் திறக்க முடிந்தது.

பெருநாள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய காலை, அக்கா சில்லறை மாற்றப் போயிருந்தார். அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், இந்த மாசம் இன்னும் ஆறு நோன்பு இருக்காமே? வச்சா ரொம்ப நன்மையாம்லா. பூக்கடை பாய் சொன்னாரு."

"இருக்கு அண்ணாச்சி. விருப்பப்பட்டா வைக்கலாம்."

"வச்சிரு. எதுக்கு விடுத?"

"வைக்கிறேன். ஆனா அதுக்கும் நாக்கு நுனியில பாத்துத் துப்பலாம்."

அண்ணாச்சி அண்டாவைப் பார்த்தார்.

"அப்ப வேண்டாம் பாய். வெயில் ஏறிக்கிட்டு வருது. உடம்பைப் பாத்துக்கோ" என்றார்.