மாலை போட்ட மாதத்தில் கேட்ட கேள்வி

கம்பம் என் ஊர் என்று சொன்னதும் எதிரில் இருப்பவரின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எழும். பல்கலைக்கழக விடுதியில் பெட்டியை இறக்கிவைத்த முதல் நாளே அது எழுந்தது. "கம்பமா? பெட்டியத் திற பாப்போம், கஞ்சாப் பொட்டலம் ஏதும் இருக்கா?" என்றாள் அறைத்தோழி. திறந்தேன். உள்ளே பன்னீர் திராட்சையும், பேச்சுப் போட்டிகளில் வென்ற இரண்டு கேடயங்களும் இருந்தன. "திராட்சையத் தின்னு. கேடயம் எதுக்குன்னு போகப் போகத் தெரியும்" என்றேன்.

போதைப் பழக்கத்தை ஆய்வு செய்யவே நான் அங்கே சேர்ந்திருந்தேன். ஊர் மானத்துக்காக வழக்காடுகிறவள் ஊரின் குடியை ஏன் கிளற வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். மூடிவைத்துக் காக்கிற மானம் எனக்கு வேண்டாம் என்றேன். இன்றும் அதுவே என் பதில்.

மதுவுக்கு எதிராகப் பள்ளி நாள் முதல் முழங்கியிருக்கிறேன். தள்ளாடும் தந்தை, விம்மும் தாய், பசித்த பிள்ளை என மணி அடிப்பதற்குள் ஒரு குடும்பத்தையே மேடையில் நிறுத்துவேன். கைதட்டல் அதிரும். தட்டிய கைகளில் எத்தனை, கூட்டம் கலைந்ததும் மதுக்கடைக் கம்பிக்குள் நீள்கின்றன என்பதும் மேடையின் உயரத்திலிருந்து எனக்குத் தெரியும். என் முழக்கம் ஏன் கடைவாசல்வரைகூட அவர்களோடு வரவில்லை? அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் என் ஆய்வு.

ஆய்வுக் குழு முதல் கூட்டத்தில் என் தலைப்பை ஏற்கவில்லை. சிலரிடமாவது கேள்வி கேட்டு, பதில்களோடு வரச் சொன்னது. இரண்டாம் முறையும் மறுத்தால் என் பதிவு ரத்தாகும்.

கம்பத்து ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் அங்கே வந்து இறங்குவார்கள். என் சித்தப்பா அங்கே ஜீப் ஓட்டுகிறார். வண்டியை நிறுத்திய பிறகு குடிப்பவர். அதை மறைத்ததும் இல்லை. அவரிடமே தொடங்கினேன். கேள்வித்தாளின் முதல் வரியை நிமிர்ந்த குரலில் வாசித்தேன்: "கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாட்கள் மது அருந்தினீர்கள்?"

"ஆத்தா, கழுத்தப் பாத்துட்டுக் கேளு."

பார்த்தேன். துளசி மாலை. இடுப்பில் கறுப்பு வேட்டி. சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் அதே கோலம். விடுதியில் தேர்வுகளை வைத்தே மாதங்களை அறிந்து பழகியிருந்த நான், சபரிமலைக்கு விரதமிருக்கும் கார்த்திகையின் கடைசியில் வந்து நின்றிருந்தேன்.

சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: "பெரிய படிப்புப் படிக்கிற புள்ள, சாமிமாரப் பாத்துக் குடிச்சீகளான்னு கேக்குது! அடுத்து நோன்பு வச்சவகளப் பாத்து, மத்தியானம் என்ன சாப்பிட்டீகன்னு கேக்கும்."

நிறுத்தமே சிரித்தது. நானும் சிரித்தேன்; ஆனால் நகரவில்லை. கேட்டவர்களில் மாலை போட்ட ஒவ்வொருவரும் ஒரு நாளும் இல்லை என்றே சொன்னார். அவர்கள் பொய் சொல்லவில்லை.

சபையை எப்படி விளிப்பது என்பதே மேடையில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். அந்தக் காது அன்று மாலை விழித்துக்கொண்டது. மற்ற மாதங்களில் சித்தப்பாவை ஏலே என்று அழைப்பவர்கள் எல்லாரும் அன்று சாமி என்றார்கள். டீக்கடைக்காரர், "சாமிக்கு கிளாஸ நல்லாக் கழுவிக் குடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். வழக்கமாகச் சித்தப்பாவோடு குடிக்கும் கூட்டாளி, அவரும் ஜீப் ஓட்டுபவர்தான், மாலை போடாதவர், கையில் பாட்டிலோடு வண்டிக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் இருந்தவர் அவரை அதட்டினார்: "அங்கன சாமி நிக்குது, மறச்சு வையிலே!" கூட்டாளி பதறிப்போய்ப் பாட்டிலைச் சட்டைக்குள் செருகினார்.

அந்தப் பாட்டில் மறைந்த இடத்தில் என் தலைப்பு தெரிந்தது.

புறப்படும்போது சித்தப்பா தடுத்தார். "எங்களப் பத்தி எழுதாத ஆத்தா. ஏற்கெனவே நம்ம ஊருன்னா ஒரு மாதிரி பாக்குறாக."

"அவுக சொல்றது மட்டும்தான சித்தப்பா இருக்கு? நம்ம சொல்றதும் இருக்கட்டும்."

மார்கழியில் குழு கூடியது. தலைவரான பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஊர்ல யாருமே குடிக்கிறதில்லையா? அப்ப உங்களுக்கு இங்க என்னம்மா வேலை?" குழு சிரித்து முடித்ததும் வழியும் சொன்னார்: "இதைத் தூக்கிப் போடுங்க. வேற மாவட்டத்துல செய்யிறேன்னு எழுதிக் குடுங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

அவரது பேனா திறந்தே இருந்தது. தலையசைத்திருந்தால் என் இடம் உறுதி.

"எழுதித் தர மாட்டேன் ஐயா" என்றேன். "குடிப்பவர் ஏன் குடிக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இவர்கள் குடிக்காமல் இருந்து காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்தார்கள்? மாலையைக் கழற்றியதும் எதைச் செய்யாமல் விடுகிறார்கள்? அதுதான் என் கேள்வி."

"பக்தியை ஆய்வு செய்யப் போறீங்களா?"

"பக்தி அவர்களுடையது ஐயா. எனக்குச் சாமியைக் கண்டு பாட்டிலை ஒளித்துவைத்த கூட்டாளி போதும்."

உறுப்பினரான மருத்துவர் குறுக்கிட்டார். சிலருக்குக் குடியைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. மாலையைச் சிகிச்சை என்று எழுதிவிடாதீர்கள் என்றார். எழுத மாட்டேன், விரதம் தொடங்கிக் கை நடுங்கி மருத்துவமனைக்குப் போனவரும், வெட்கத்தில் நிறுத்தத்துக்கே வராதவரும் எங்கள் ஊரில் உண்டு, அவர்களும் என் ஆய்வில் இருப்பார்கள் என்றேன். அவர் தலையசைத்தார்.

"இது மேடை இல்லம்மா" என்றார் தலைவர்.

"தெரியும் ஐயா. மேடையாக இருந்தால் இந்நேரம் மணி அடித்திருப்பீர்கள்."

மருத்துவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை, பேனாவை மூடினார். "மாலை கழட்டின பிறகு அதே ஆட்கள்ட்ட அதே கேள்வியைக் கேட்டுட்டு வாங்க. அப்பவும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னா, பதிவு ரத்து."

தை பிறந்து, மலைக்குப் போனவர்கள் திரும்பியதும் நிறுத்தத்துக்குப் போனேன். சித்தப்பாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும், "ஏலே, ஒம் மக வந்திருக்கு பாரு!" என்று கத்தினார். சாமி போய்விட்டது. இந்த முறை நான் தாளை எடுக்கவில்லை.

"மாலையக் கழத்துன பின்னாடி எப்பெப்பக் குடிச்சீக சித்தப்பா?"

அவர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துணியைத் தோளில் போட்டார். "கழத்துன அன்னைக்கே. அதுக்கப்புறம் தினமும்தான். நேத்து மட்டும் இல்ல."

"நேத்து ஏன் இல்ல?"

"இவன் வந்து கூப்புடல." பக்கத்து ஜீப்பில் சாய்ந்திருந்த கூட்டாளியைக் காட்டினார்.

"எனக்கு நேத்துக் காச்சல்லே!" என்றார் கூட்டாளி, பழி சுமத்தப்பட்டவரைப் போல. "படுத்துக் கெடந்தவன் எப்படிலே வந்து கூப்புடுவேன்?"

அன்று நிறுத்தத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: கழற்றிய அன்று முதலில் கூப்பிட்டது யார்? யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர் தயாராக இருந்தது.

பெயர்களை நீக்கிவிட்டு, ஒன்று என் சித்தப்பாவுடையது என்பதை மட்டும் சொல்லி, அந்தப் பதில்களைக் குழுவின் முன் வாசித்தேன், மேடைக் குரலிலேயே. காய்ச்சல் வந்த இடத்தில் தலைவரே சிரித்துவிட்டார். என் ஊரைக் கேட்டு எழும் சிரிப்பு எனக்குத் தெரியும். இது அது இல்லை. உறவினரின் பதிலைச் சேர்க்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு, கம்பத்தின் பெயரோடு, என் தலைப்பு பதிவானது.

சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். எழுதவே வேண்டாம் என்றவர் வெகுண்டார்.

"என்னய விட்டுட்டா? மொதல்ல வாயத் தொறந்தது நானு! காச்சக்காரன் மட்டும் உள்ள இருப்பானாக்கும்?"

"அவுக இருப்பாக சித்தப்பா."

"அப்ப எம் பேரையும் போட்டே எழுது. யாரு கேக்குறாகன்னு பாத்துருவோம்!"