"உண்டு" என்று சொன்ன மைதீன் சாயபு

வெள்ளிக்கிழமை காலை கோட்டாற்றுக் கருப்பட்டி மண்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மைதீன் சாயபுவின் மருமகன் தெருமுனையிலிருந்து தனியாக நடந்து வந்தார். எப்போதும் மாமனாரின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக வருகிறவர் அன்று வேகமாக வந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. "மாமா மௌத்தாயிட்டாவ. தொழுகைக்கு எழுப்பப் போனோம், எந்திக்கல" என்றார். முந்தின நாள் சாயங்காலம் வரை மண்டியில் என்னோடு வேலை பார்த்துவிட்டுப் போனவர். கதவைத் திரும்பப் பூட்டினேன்.

ஜும்மா தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார்கள். எங்களைப் போன்ற பிற மதக்காரர்கள் பள்ளிவாசலுக்கு வெளியே வெயிலில் நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. பெரிய அலுப்புத்தான் வந்தது. அவரோடு சேர்ந்து சர்க்கார் கச்சேரிக்கு நடந்த நடையெல்லாம் அன்றைக்குத்தான் மொத்தமாகக் காலில் இறங்கியது போலிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கும் கூலிப்படைக்கு ஆள் எடுத்தபோது அவரும் கப்பலேறினார். பஸ்ரா துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது ரயில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் இடது கால் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊர் திரும்பியவருக்குக் கக்கத்தில் வைக்கிற ஊன்றுகோல் ஒன்றும், மாதாமாதம் சர்க்கார் தரும் உபகாரச் சம்பளமும், பஸ்ரா சாயபு என்ற பெயரும் மிச்சம்.

அந்த உபகாரச் சம்பளத்தை நம் ஜனங்கள் புரிந்துகொண்ட விதம் தனி. வருஷத்துக்கு ஒரு முறை ஐப்பசியில் கச்சேரிக்கு நேரில் போய்த் தலையைக் காட்ட வேண்டும். குமாஸ்தா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இருக்கேன் எசமானே" என்று சொல்ல வேண்டும். அடுத்து, "வேலை உண்டா?" என்று கேட்பார். "இல்லை எசமானே" என்று சொல்ல வேண்டும். உண்டு என்றால் சம்பளம் நின்றுவிடும் என்பது குளச்சலிலிருந்து வடசேரி வரை எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எந்தப் புத்தகத்தில் இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு, சம்பளம் வாங்குகிற எல்லோரும் இருப்பதிலேயே கிழிந்த வேட்டியை உடுத்து, சவரம் செய்யாமல் வருவார்கள். வலை பின்னுகிறவர்கள் விரலில் ஏறிய கறையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வருவார்கள். பார்க்கிற எனக்கே வெட்கமாக இருக்கும்.

சாயபு எங்கள் மண்டியில் கருப்பட்டி தரம் பிரிக்க வந்து சேர்ந்தபோது நான் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருந்த இடத்தில் இருந்து செய்கிற வேலை. தட்டிப் பார்ப்பார், உடைத்து முகர்வார், நுனி நாக்கில் வைப்பார், இந்தக் குவியல் அந்தக் குவியல் என்று தள்ளுவார். கை அத்தனை வேகம். ஆனால் உள்ளே தள்ளி இருந்தாலும் முகம் எப்போதும் தெருப்பக்கமே இருக்கும். டவாலி போட்ட கச்சேரிச் சேவகன் எவனாவது தெருவில் வந்தால் போதும், சாயபு கோலை ஊன்றி எழுந்து, கையில் ஒரு கருப்பட்டியோடு விலை கேட்கிறவரைப் போல நின்றுவிடுவார். "என்ன ஓய், விலைய இப்பிடி ஏத்திட்டீரு?" என்று என்னிடமே சண்டை பிடிப்பார். சேவகன் போனதும் சிரிப்போம். கொஞ்ச காலத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கையால் உழைப்பதைத் திருடனைப் போல ஒளிக்க வேண்டியிருந்தால் எத்தனை நாள்தான் சிரிக்க முடியும்?

முதலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்க்கார் தருகிறதே என்று சொல்லி, மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதிதான் சாயபுவுக்குக் கொடுத்தார். ஒளிந்து வேலை செய்கிறவன் கூலியை உரக்கக் கேட்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். சாயபுவின் ஊன்றுகோல் நாள் முழுக்க அந்தச் சிப்பங்களில்தான் சாய்ந்திருக்கும். கச்சேரி நாளன்று அவர் பழைய வேட்டி உடுத்தார், கையைத் தேய்த்துக் கழுவினார். கோலைக் கழுவவில்லை. துணைக்கு நானும் போயிருந்தேன். குமாஸ்தா பெயரைக் கூப்பிட்டபோது தரையிலிருந்து கோலின் கைப்பிடி வரை எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். கோலில் ஏன் எறும்பு என்று கேட்டார். பின்னால் நின்ற ஒருவர், மருந்துக்குத் தேன் தடவினேன் என்று சொல்லும்படி கிசுகிசுத்தார். சாயபு குனிந்து எறும்புகளைப் பார்த்தார்.

"கருப்பட்டி மண்டியில வேல எசமானே" என்றார். "வேல உண்டு."

அடுத்த மாதமே சம்பளம் நின்றது. விசாரணை நடக்கிறது என்றார்கள். விசாரணை எங்கே நடந்தது, யார் நடத்தினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நடந்தவர்கள் நாங்கள்தான். போனால், மேலே எழுதியிருக்கிறது என்பார்கள். மறுபடி போனால், எழுதினவர் மாறிப் போய்விட்டார் என்பார்கள். முதலாளியிடம், இப்போது சர்க்கார் தரவில்லையே, முழுக் கூலி தரலாமே என்று கேட்டேன். விசாரணை முடியட்டும் என்றார் அவரும்.

வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அவருடைய மனைவி கதவுக்கு உள்ளே நின்றபடி சொன்னது எனக்கும் கேட்டது. "எல்லாரும் சொல்லுக பொய்தானே, நீங்களும் சொல்லியிருந்தா என்ன?"

சாயபு கோபப்படவில்லை. "கால் இல்ல, சரி. அதுக்காவ கையும் இல்ல, வேலயும் இல்லன்னு வருசா வருசம் சொல்லி, எனக்கே நான் இல்லாதவன் மாதிரி ஆயிட்டு பாத்துக்கோ" என்றார்.

அடுத்த ஐப்பசி நெருங்கும்போது உத்தரவு வந்தது. கால் போனதற்காகத் தருகிற சம்பளத்தைக் கையால் சம்பாதிப்பது பாதிக்காது. நோய்க்காகத் தருவது வேறு. குணமாகிவிட்டதென்று டாக்டர் எழுதினால் அது குறையும். போன கால் முளைக்கப்போவதில்லையே. நின்ற சம்பளமும் வந்தது. ஆக, எல்லோரும் இத்தனை வருஷம் பயந்த சட்டம் எங்குமே இல்லை. அன்றிலிருந்து சாயபு மண்டியின் முகப்பில், தெருவைப் பார்த்து இருந்து வேலை செய்தார். முழுக் கூலியையும் உரக்கக் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் போய்ச் சொன்னார். தேங்காய்ப்பட்டணம் வரை வண்டியில் போய், கால் கை இழந்தவர்களைத் தேடிப் பிடித்து, "காலுக்குத்தான் தாறான், நாம சும்மா இருக்கதுக்கு இல்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அவர்கள் மனதில் நின்றது ஒன்றுதான்: சாயபு உண்மையைச் சொன்னார், சம்பளம் நின்றது. திரும்ப வந்தது யாருக்கும் நினைவில் தங்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும். அவருக்கு வராது. "நின்ன மாசத்துல பசிச்சது நமக்குத் தெரியும்லா ஓய். அவங்களுக்கும் பிள்ளக இருக்கு" என்பார். கடைசி ஐப்பசி வரை அந்த வரிசையில் உண்டு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவர் இறந்த பிறகு வந்த கச்சேரி நாளில், இத்தா என்னும் துக்க காலத்தில் இருந்த அவருடைய மனைவி வெளியே வரக்கூடாதென்பதால், செய்தியைச் சொல்ல நான் போனேன். குமாஸ்தா புதியவர். எனக்கு முன்னால் குளச்சல்காரர் ஒருவர், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இல்லை எசமானே" என்றார். வலைக்கயிறு அறுத்த தழும்பு விரல்களில் சிவப்பாகத் தெரிந்தது.

பிறகு மைதீன் சாயபுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். இறந்துபோனார் என்று சொன்னேன். குமாஸ்தா நிமிரவில்லை. எழுதிக்கொண்டே, பழக்கத்தில், அடுத்த கேள்வியையும் கேட்டார். "வேலை உண்டா?"

வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"உண்டு," என்றேன். "வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உண்டு."

போய் வாருங்கள், சாயபு. இனி யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.