போகும், போகாது

அண்ணாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, "எவர் மனதையும் நோகடிக்காதவர்" என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வயிறு எரிகிறது. தங்கச்சி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அண்ணா பிறந்தார். அம்மா கொழுந்து பறித்து, அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி அவரைப் படிக்க வைத்தார்கள். லேத் வேலை பழகி வெளிநாடு போனார். குழாய்த் தொழிற்சாலை என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அனுப்பினான். போய்ப் பார்த்தால் துப்பாக்கிக் குழல்!

அங்கே அண்ணாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. உருக்குத் தண்டை இயந்திரச் சுத்தியல்கள் நாலாபுறமும் அடித்துக் குழலாக்கும். கணினி சொன்னபடி இன்னோர் இயந்திரம் கடையும். உட்புறத்தைக் கெமரா பார்க்கும். கடைசியில் அண்ணாவின் கையிலுள்ள அளவுக் கம்பி. அதன் ஒரு முனை குழலுக்குள் போக வேண்டும், மறு முனை போகக்கூடாது. போய்விட்டால் அந்தக் குழல் குப்பைக்கு. கம்பிக்கு அண்ணா வைத்த பெயர் "போகும்-போகாது".

லீவில் வந்தபோது, தேய்ந்துபோனதென்று கழித்த ஒரு கம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிச் சொன்னார்: "ஒரு தலமயிர் அளவு பிசகுனாலும் தூக்கிப் போட்டுருவாங்க தங்கச்சி. மிச்சத்துக்குப் பச்சப்புள்ளைக்குப் பூசுற மாதிரி எண்ணெ பூசித் தாள்ல சுத்துவாங்க. ஆளக் கொல்லுற சாமானுக்கு இம்புட்டு கவனிப்பு! நெனச்சாலே கொமட்டுதும்மா."

திரும்பிப் போகவில்லை. "நல்ல வேலைய விட்டுட்டாரே, இவருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று அண்ணி ஒரு மாதம் புலம்பினார். அண்ணா நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார்.

தோட்டத்துக் கொழுந்து லொறியின் கிளச் தேய்ந்திருந்தது. நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் அதே லொறிதான். அண்ணா மூன்று தடவை தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சொன்னார். கடைசித் தடவை நானும் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

"ஐயா, கிளச்சு தேஞ்சிருச்சுங்க. மேட்டுல நின்னுருமுங்க."

"அது போகும்ப்பா. இன்னும் ரெண்டு மாசம் போகும்."

வெளியே வந்த அண்ணா, "கம்பி இல்லாமலே அளக்குறாரு, பாத்தியா?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம், காலையில் பேர் பதிந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரத்தில் அண்ணாவுக்கு நெஞ்சுவலி. லொறியில் ஏற்றினோம். பாதை வளைந்து ஏறும் இரண்டாவது முடக்கு மேட்டில் லொறி நின்றது. எஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. என் மடியில் கிடந்த அண்ணா, "கிளச்சு" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு; ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. சாகும்போது ஒரு மனிதன் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? சீ! கொல்லுகிற குழலுக்குத் தலைமயிர் அளவு கணக்கு, நம் உயிருக்கு ஒரு "போகும்". அருவருப்பாக இருக்கிறது.

கூடைகளை இறக்கிவிட்டு ஓடிவந்து லொறியைத் தள்ளிய அக்காமார்களுக்கும், தன் ஆட்டோவில் அண்ணாவை ஏற்றி ஆஸ்பத்திரி வரை பறந்த சிங்கள அண்ணனுக்கும், இழவு வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட லயத்துச் சனங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அதே லொறி இன்று காலையும் கொழுந்து ஏற்றிப் போனது. அதே கிளச். அடுத்த மாதம் நம் லயத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நாள் இருக்கிறது. அவளும் அதில்தான் ஏற வேண்டும்.

ஆகவே இம்மலரின் முதல் பிரதியைத் தொரையின் மேசையில் அண்ணாவின் கம்பியோடு நானே கொண்டுபோய் வைக்கிறேன். போகாது, ஐயா. இந்த லொறி போகாது.